மூன்று வீடு சுற்றும் கால்பந்து ஃபைல்

டெல்லிக்கு நான் போனது செங்கோட்டையைப் பார்க்க அல்ல. என் மகளை மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கூட்டிவரப் போனேன். கையில் ஐந்து நாள். அதற்குள் கல்லூரியில் டி.சி. வாங்கி, அவளை ரயிலேற்றி, திண்டுக்கல்லில் இறக்கிவிட வேண்டும். செங்கோட்டையை இந்த முறையும் பார்க்கவில்லை. பார்த்தது வேறு. அதை நினைத்தால் இன்னும் மலைப்பு தீரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகள் பெயர் காவ்யா. கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, இரண்டு வருஷமாகக் கால்பந்து ஆடுகிறாள். ஸ்டாப்பர். அதாவது கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவர்களை மறிக்கிற இடம். போன சீசனின் கடைசி ஆட்டத்தில் வலது முட்டிக்குள் சவ்வு கிழிந்தது. மதுரையில் ஆபரேஷன். ஒன்பது மாதம் பந்தைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். இவள் பரீட்சை என்று சொல்லி ஒரு மாதத்திலேயே டெல்லிக்கு ஓடிவந்துவிட்டாள்.

போனில் கேட்டால், "பிசியோ மட்டும்தாம்மா பண்றேன்" என்பாள். அடுத்த சீசன் மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பித்துவிடும். டாக்டர் சொன்ன ஒன்பது மாதம் அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் முடிகிறது. அப்போ ஆடமாட்டேல்ல என்று கேட்டால், சாப்பிட்டியாம்மா என்று பேச்சை மாற்றுவாள். பெற்றவளுக்குத் தெரியாதா? வீட்டுக்காரரிடம், ஒரு வாரம் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

முதல் நாளே மெட்ரோ என்னை ஏமாற்றியது. மயூர் விஹாருக்கு ப்ளூ லைன் என்று காவ்யா சொல்லியிருந்தாள். அந்த ப்ளூ லைன் யமுனை தாண்டியதும் இரண்டாகப் பிரியும் என்பதைச் சொல்லவில்லை. பெண்கள் பெட்டியின் குளிரில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தவள், வண்டி வேறு பக்கம் போய்விட்டதை அடுத்த ஸ்டேஷன் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஹிந்தி சுத்தமாக வராது. "மயூர் விஹார், மயூர் விஹார்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆபீஸ் பையோடு நின்ற ஒரு பெண் என் பெட்டியை வாங்கிக்கொண்டு என்னோடு இறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்துக்குக் கூட்டிப்போய், லைன் பிரிகிற யமுனா பேங்க் வரை திரும்பி வந்து, சரியான வண்டியில் ஏற்றிவிட்டாள். பிறகு தன் வண்டிக்கு மறுபடி படியேறினாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான். மே மாதத்து டெல்லி வெயிலில் முன்பின் தெரியாதவளுக்கு இப்படி அலைய யாருக்கு வரும்?

காவ்யா தங்கியிருந்தது சரோஜா சிஸ்டர் வீட்டில். ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயூர் விஹாரில் தரைத்தள ஃபிளாட்.

"ஹாஸ்டல்ல இவ ரூம் மூணாவது மாடிம்மா. முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு மூணு மாடியா? அதான் நானே கூட்டிட்டு வந்துட்டேன்," என்றார்.

"உங்களுக்கு இவளை எப்படித் தெரியும்?"

"மேட்ச் பாப்பேன்," என்றார். சுரைக்காய்க் கூட்டும் மிளகு ரசமும் போட்டார். காவ்யா நேராகத்தான் நடந்தாள். ஆனால் உட்கார்ந்து எழும்போது வலது காலை ஒரு நொடி தாமதமாக ஊன்றினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. விடிகாலை முதல் மெட்ரோவில் மூன்று பேரும் கல்லூரி மைதானத்துக்குப் போனோம். ஏழு மணிக்கே அனல். அணியின் கோடைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மைதானத்தின் ஓரத்துச் சிமெண்டுப் படியில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுடலைமுத்து சார், திருநெல்வேலிக்காரர், ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், கரோல் பாகில் வாடகை வீடு. இன்னொருவர் ராம்பிரசாத்ஜி. அதே அமைச்சகத்தில் ஃபைல்களைத் தைத்துக் கட்டுகிற தப்தரியாக இருந்தவர். கோல் மார்க்கெட்டில் மகனுடைய அரசாங்க குவார்ட்டர்ஸில் இருக்கிறார். சரோஜா சிஸ்டர் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.

உள்ளே பெண்கள் பந்தைத் துரத்துகிறார்கள். இவர்கள் மூவரும் மாம்பழ விலை பேசுகிறார்கள். ஒரு பெண் அருமையாக ஒரு பந்தைக் கடத்திக்கொண்டு போனாள். எனக்கே கை தட்டத் தோன்றியது. "நல்லா ஆடுதால்ல?" என்று சுடலைமுத்து சாரிடம் கேட்டேன்.

"அதப்பத்தி இங்க பேசப்பிடாதும்மா," என்றார் அவர். "இந்த வருசம் லங்டா மாம்பழம் வரத்து கம்மி, பாத்தியளா?"

எனக்குக் கோபம் வந்தது. பேசக் கூடாதென்றால் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? காவ்யா மைதானத்தின் மூலையில் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். மூவரும் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

பயிற்சி முடிந்ததும் வெளியே தள்ளுவண்டியில் ராம்பிரசாத்ஜி எனக்கு ஒரு சர்பத் வாங்கிக்கொடுத்தார். மஞ்சளாக, கெட்டியாக, ஒரு மாதிரி வாசனை. என்ன பழம் என்று கேட்டால், வில்வம். ஊரில் வில்வ இலையைச் சிவனுக்குப் போடுவோம், பழத்தை யார் தொட்டார்கள்? இங்கே அதைக் கரைத்துக் குடிக்கிறார்கள். வயிறு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. இன்னொரு டம்ளர் குடித்தேன்.

கல்லூரி அலுவலகத்துக்குப் போய் டி.சி. கேட்டேன். படிவத்தைக் கொடுத்து, பூர்த்தி செய்து திங்கட்கிழமை பத்து மணிக்கு எடுத்து வரச் சொன்னார்கள். நானும் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர்தான். திங்கட்கிழமை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பேசாமல் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். மெட்ரோவில் காவ்யா என்னை விட்டு வேறு பெட்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ராம்பிரசாத்ஜி வியர்க்க விறுவிறுக்க மயூர் விஹார் வந்தார். கையில் காக்கி அட்டை போட்ட ஒரு கட்டு. சரோஜா சிஸ்டர் குளித்துக்கொண்டிருந்தார், காவ்யா கடைக்குப் போயிருந்தாள். கட்டை என்னிடம் கொடுத்து, தண்ணீர் குடித்து, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு கட்டைக் கையில் கொடுத்தால் நாடாவை அவிழ்க்காமல் என்னால் இருக்க முடியாது. அவிழ்த்தேன்.

ஐயோ, என்ன ஃபைல் அது! மேல் அட்டையில் ஆங்கிலத்தில், 'பொருள்: அடுத்த பருவத்தில் அணியின் வாய்ப்புகள்'. உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். முக்கியமான தாள்களில் ஓரச்சீட்டு. மூலையில் நூல் கோத்துத் தைத்த தையல் ஒரு இழைகூடப் பிசகவில்லை. குறிப்புக்குக் கீழ் குறிப்பு, சுருக்கொப்பம், தேதி. சுடலைமுத்து சார் ஆங்கிலத்தில், ராம்பிரசாத்ஜி ஹிந்தியில், சரோஜா சிஸ்டர் தமிழில். ஒருத்தர் மொழி இன்னொருத்தருக்குச் சிரமமாயிற்றே என்று பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கத்தில் சிஸ்டர் கையெழுத்தில் சாராம்சம் இருந்தது. என் ஆபீசில் ஒரு ஃபைல் இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போகப் பதினைந்து நாள் ஆகும். இது கரோல் பாக், கோல் மார்க்கெட், மயூர் விஹார் என்று ப்ளூ லைனில் ஏறி இறங்கி, ஒரு வீட்டுக்கு இரண்டே நாள் என்ற கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்று படித்தேன். உண்மையாகவே நின்றுவிட்டேன்.

சுடலைமுத்து சார் எழுதியிருந்தார்: 'கோலி படிப்பு முடிந்து வெளியேறுகிறார். மாற்று இல்லை. இடது பக்கம் ஆடும் இருவரும் வெளியேறுகின்றனர். காவ்யாவும் இல்லாத பட்சத்தில் அணி முதல் சுற்றைத் தாண்டுவது ஐயமே. பார்வைக்கு.'

அதற்குக் கீழே சரோஜா சிஸ்டரின் உருண்டைத் தமிழ்: 'செவ்வாய்க்கிழமை கோச் கிளம்பிய பிறகு காவ்யா பந்து அடித்தாள். பதினோரு தடவை. வலது காலில் திரும்பும்போது இரண்டு முறை முகம் சுளித்தாள். பிறகு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் அடுத்த சீசன் ஆடக் கூடாது.'

பக்கத்தைத் திருப்பினேன். போன வாரம் ஒரு நாள். அதற்கு முந்தைய வாரம் இரண்டு நாள். பிசியோ மட்டும்தாம்மா என்று எனக்குப் போன் வந்த அதே நாட்கள்.

சிஸ்டர் ஈரத்தலையோடு வந்து பார்த்தார். ஃபைலைத் திறந்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவ திட்டுனேம்மா. மூணாந்தடவ, நான் ஹாஸ்டலுக்கே போயிடறேன் ஆன்ட்டின்னா. மறுபடி மூணு மாடி. அதான் வாய மூடிக்கிட்டு எழுதிட்டு இருக்கேன்."

"நீங்க எதுக்கு சிஸ்டர் இதெல்லாம் எழுதறீங்க?"

அப்போதுதான் கதையைச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்போது கோல் மார்க்கெட் பக்கமே குடியிருந்து காலை நடைக்கு வந்த மூன்று பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து இந்தப் பெண்களுக்கு ரசிகர்களாகிவிட்டார்கள். வேறு யாரும் வந்து பார்ப்பதில்லை. ஒரு பெனால்ட்டியை யார் அடித்திருக்க வேண்டும் என்று சுடலைமுத்து சாருக்கும் ராம்பிரசாத்ஜிக்கும் மைதானத்திலேயே சண்டை வந்து, ஆறு மாதம் முகம் பார்க்கவில்லை. சிஸ்டர்தான் சமாதானம் செய்தார். ஒரே நிபந்தனை, மைதானத்தில் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, எதுவானாலும் எழுத வேண்டும். எழுது என்றதும் சுடலைமுத்து சார் தனக்குத் தெரிந்தபடி ஃபைல் திறந்தார். ராம்பிரசாத்ஜி தனக்குத் தெரிந்தபடி தைத்துக் கட்டினார். வருஷத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய்விட்டுப் பேசலாம். ஆட்டக்காரப் பெண்கள் யாரும் ஃபைலைப் பார்க்கக் கூடாது.

"அந்த ஞாயித்துக்கிழமை நாளைக்குத்தான்," என்றார்.

காவ்யா கடையிலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளா என்கிட்ட பொய் சொல்ற?"

முதலில் முழித்தாள். பிறகு அழுதாள். "கோச் கேட்டாங்கம்மா, சீசனுக்கு ரெடியான்னு. ரெடின்னு சொல்லிட்டேன். ஒரு சீசன் உக்காந்துட்டா அந்த இடத்துக்கு வேற ஆளு வந்துரும். அப்புறம் என்னைய யாரு நினைச்சுப் பாப்பா?"

"கால் போனா யாரு நினைச்சுப் பாப்பா? திங்கக்கிழமை டி.சி. அன்னிக்கே ரயில். அவ்வளவுதான்."

கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. சுடலைமுத்து சார் கரோல் பாகிலிருந்து சமோசா கொண்டுவந்தார். ராம்பிரசாத்ஜி கிளையோடு ஒரு கொத்து லிச்சி கொண்டுவந்தார். சிவப்புத் தோலை உரித்தால் உள்ளே நுங்குபோல் வெள்ளை, வாயில் போட்டால் பன்னீர் மணம். இந்த ஊரில் வெயிலுக்கு ஈடாக இப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். விதிப்படி காவ்யாவை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, மூன்று பேரும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வருஷமாக அடக்கி வைத்த பேச்சு. அம்மாடி!

"கோலிக்கு யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல," என்று தொடங்கினார் சுடலைமுத்து சார்.

கோலியாகப் பழக வந்திருக்கிற ஹரியானாப் பெண் நல்ல உயரம், அவளே போதும் என்றார் ராம்பிரசாத்ஜி. சிஸ்டர் எனக்காக அவ்வப்போது தமிழில் சொன்னார்.

"உயரம் இருந்து என்ன பண்றது ஜி? பந்து மூஞ்சிக்கு வந்தா கண்ண மூடிக்கிறா," என்று மறுத்தார் சிஸ்டர்.

"கண்ண மூடுதாளா? எத்தன தடவ மூடுனா?"

"நாலுக்கு மூணு."

"அச்சா. அப்ப அவள எழுதாதிய. அந்த மணிப்பூர்ப் பிள்ள?" என்றார் சுடலைமுத்து சார்.

அந்தப் பெண்ணை நடுவிலிருந்து பின்னால் இறக்கலாமா என்று ஒரு மணி நேரம் போனது. பின்னால் இறக்கினால் முன்னால் பந்து கொடுக்க யார் என்று ராம்பிரசாத்ஜி எழுந்து நின்று கேட்டார். சமோசாக்களைத் தட்டில் அணியாக நிறுத்தி, லிச்சியைப் பந்தாக உருட்டிக் காட்டினார். எதிர் ஃபிளாட்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எந்தெந்தப் பெண்ணுக்கு இடது கால் பழக்கம், யாருக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, யார் தோற்றால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள், எல்லாம் இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் நான் கேட்டேன். "இந்த ஃபைல் கடைசியா யாருக்குப் போகும்? கோச்சுக்கா, பிரின்சிபாலுக்கா?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாருக்கும் போகாதும்மா," என்றார் சுடலைமுத்து சார். "இப்படி ஒண்ணு இருக்கதே கோச்சுக்குத் தெரியாது. நாங்களே எழுதுதோம், நாங்களே படிக்கோம், தாள் நெறஞ்சா கட்டி வச்சிருதோம்."

பதில் சொல்ல வேண்டிய மேலதிகாரி கிடையாது, ஆடிட் கிடையாது. பதினோரு வருஷம் ஒரு தடவைகூடப் பொய்யாக எழுதவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் போட்ட கையெழுத்துகளை நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"கடைசி விசயம், காவ்யா," என்று கண்ணாடியைக் கழற்றினார் அவர். "அவளத்தான் அம்மா ஊருக்குக் கூட்டிட்டுப் போகப் போறாவளாம். அப்ப இதுல பேச ஒண்ணுமில்ல."

"ஜி எழுதுனத இன்னும் படிக்கலயே," என்றார் சிஸ்டர். சனிக்கிழமை ராம்பிரசாத்ஜி கொண்டுவந்த ஃபைலில் கடைசிக் குறிப்பு அவருடையது. அதற்கு முன் மூன்று தடவை, காவ்யா ஆடியே ஆக வேண்டும் என்று எழுதியவர் அவர். இம்முறையும் அதுதான் இருக்கும் என்று சிஸ்டர் சலிப்போடு ஃபைலை எடுத்தார். ஹிந்தியைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"'மூன்று முறை ஆட வேண்டும் என்று எழுதினேன். மூன்றையும் திரும்பப் பெறுகிறேன். எனக்கு எழுபத்துமூன்று வயது. இந்த அணி கோப்பை வாங்குவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காக இருபது வயதுப் பெண்ணின் காலைக் கேட்கக் கூடாது. அடுத்த சீசன் தோற்கட்டும். நான் காத்திருக்கிறேன்.'"

ராம்பிரசாத்ஜி தட்டிலிருந்த சமோசாவை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் போனேன்.

"மேடம், ஆடுத பிள்ளைய பாக்கப்பிடாது. ரூல் இருக்கு," என்றார் சுடலைமுத்து சார்.

"சார், நான் கண்காணிப்பாளர். ரூலைத் தளர்த்த எனக்கு அதிகாரம் உண்டு," என்றேன். எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. ராம்பிரசாத்ஜி கையசைத்து, போகட்டும் விடு என்றார்.

காவ்யாவுக்கு இப்போது ஹிந்தி நன்றாகப் படிக்க வரும். கடைசிக் குறிப்பைப் படித்தாள். பிறகு பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் முதல் நாள் மைதானத்துக்கு வந்தபோது எழுதியது வரை. அதில் சுடலைமுத்து சார் எழுதியிருந்தார், 'புதிய பெண். தமிழ்நாடு. பயமில்லை. கவனிக்க.' அதற்குப் பிறகு அவள் இல்லாத பக்கமே இல்லை. யார் நினைத்துப் பார்ப்பார்கள் என்று முந்தின நாள் கேட்டவள், அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வெளியே வந்து, "அடுத்த சீசன் ஆடலம்மா. ஆனா இங்கயே இருக்கேன்," என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதே வாய்தான் பிசியோ மட்டும் என்றும் சொன்னது. பெட்டிகளைக் கட்டினேன். படிவத்தைப் பூர்த்தி செய்து பையில் வைத்தேன். பத்து மணிக்கு அலுவலகம்.

திங்கட்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை மைதானத்துக்குப் போனோம். காவ்யா மூலைக்குப் போகாமல், படியில் எங்கள் நான்கு பேருக்குக் கீழே உட்கார்ந்தாள். சிஸ்டர் மாம்பழம் பற்றி ஏதோ சொன்னார். உள்ளே ஒரு பெண் ஓங்கி அடித்த பந்து கோட்டைத் தாண்டி உருண்டு நேராக எங்களிடம் வந்தது. "காவ்யா!" என்று அங்கிருந்து கத்தினார்கள். கோச் திரும்பிப் பார்த்தார். காவ்யா எழுந்துவிட்டாள். பந்து அவள் வலது காலுக்கு முன்னால் வந்து நின்றது. சுடலைமுத்து சார் மூச்சு விடவில்லை. நானும்தான். அவள் கால் ஒரு தடவை பின்னால் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், போனது. பிறகு தரையில் ஊன்றியது.

குனிந்து பந்தைக் கையால் எடுத்தாள். மார்போடு ஒரு நொடி வைத்திருந்தாள். உள்ளே எறிந்துவிட்டு, கோச்சைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள்.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ராம்பிரசாத்ஜி எழுந்து நின்றார். மைதானத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதியைப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மீறி, ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சிஸ்டர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா ஆடினே மகளேங்கறாரு."

பத்து மணிக்கு நான் அலுவலகத்துக்குப் போகவில்லை.